அண்ணாவின் பேரில் ஒரு சீசன்

கான்சாஸ், அமெரிக்கா
9-9-1984

அன்புள்ள தங்கச்சி ரதிதேவிக்கு,

அண்ணா எழுதுவது. நான் சுகமாக வந்து சேர்ந்து மூன்று கிழமை ஆகிறது. அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு.

இங்கே வெயில் தீயாக எரிக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் அறுத்த கோதுமை வயல்தான், ஒரு மேடு கிடையாது. விடுதியில் என்னைக் கண்டவர்கள் பெயரைக் கேட்பதற்கு முன், உனக்கு எத்தனை சீசன் இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். முதலில் எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்கிவிட்டது. அப்பா கேட்பார் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

ஓட்டத்துக்கு உதவித்தொகை தந்து என்னை எடுத்த இந்தக் கல்லூரி இரண்டு வருடக் கல்லூரி. ஆகவே ஒருவனுக்கு இரண்டு சீசன்தான். ஒரு சீசன் என்றால் வருடம் முழுக்க ஓட வேண்டும் என்றில்லை. ஒரே ஒரு போட்டியில் துப்பாக்கி வெடித்து ஒரு அடி வைத்தாலும் அந்தச் சீசன் முடிந்தது. பயிற்சியைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். காயம் பட்டால் விலக்குக் கேட்டு எழுதலாமாம், ஆனால் கிடைப்பது அரிது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. இருபது வயது முடிந்த பிறகு சொந்த ஊரில் ஏதாவது ஓட்டக் கழகப் போட்டியில் ஓடியிருந்தால், அதையும் ஒரு சீசனாகக் கழித்துவிடுவார்கள். இதனால்தான் பயிற்சியாளர் டெய்லர், மார்ச்சில் என் இருபதாவது பிறந்தநாளுக்குப் பிறகு ஒன்றிலும் ஓட வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

இரண்டு சீசனும் நன்றாக ஓடினால் ஒரு பெரிய பல்கலைக்கழகம் உதவித்தொகை கொடுத்து எடுத்துக்கொள்ளும். படிப்பும் விசாவும் அதோடு நீளும். ஒரு சீசன்தான் மிச்சம் என்றால் அப்படிப்பட்டவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இங்கே தந்த படிவத்தில், இருபது வயதுக்குப் பிறகு ஓடிய போட்டிகள் என்ற கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஒரு பாடம் கூடுதலாக எடுக்க வேண்டும் என்றார்கள். நிலஅளவை எடுத்திருக்கிறேன்.

உன் வேலை எப்படிப் போகிறது? உடனே பதில் எழுது.

அன்புடன்
அண்ணா மகேசன்


பாபகூரா, நியூசிலாந்து
2-10-1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சுகம் அறிந்து வீட்டில் எல்லாருக்கும் ஆறுதல். அம்மாவுக்கு நோ கொஞ்சம் பரவாயில்லை. நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையாம், அதுதான் அவரின் ஒரே குறை.

அப்பா உங்கள் கடிதத்தை என்னிடம் தரவே இல்லை. தானே இரண்டு தரம் சத்தமாக வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை கதிர்காமநாதன் மாமா குடும்பம் சாப்பிட வந்தபோது மூன்றாம் தரமும் வாசித்தார். மாமாவுக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை. அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, மேசையில் இரண்டு கரண்டிகளை வைத்து, ஒரு கரண்டி ஒரு சீசன் என்று விளங்கப்படுத்தினார். "ரெண்டும் முழுசா இருக்கு. ஒண்டும் பழுதாகேல்லை," என்று சொல்லிச் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து எவ்வளவோ நாள்.

நான் அதே மருந்துக்கடையில்தான். முதலாளி ரோஸ்மேரி அக்கா மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவர் என்று சொன்னேனே, அவர் என்னைத் தனியாகக் கல்லாவில் விடத் தொடங்கியிருக்கிறார். அப்பா எல்லாவற்றையும் வாசிப்பதால், எனக்கு மட்டும் எழுத ஏதாவது இருந்தால் கடை விலாசத்துக்கு எழுதுங்கள். பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் படிவத்தை யாராவது சரிபார்ப்பார்களா? அல்லது நீங்கள் எழுதியதை அப்படியே நம்பிவிடுவார்களா? சும்மா கேட்டேன்.

பயிற்சியின்போது தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

என்றும் அன்புள்ள
ரதி


கான்சாஸ்
12-11-1984

அன்புள்ள ரதிக்கு,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை, மன்னித்துக்கொள். இதைக் கடைக்கே அனுப்புகிறேன். அப்பாவிடம் காட்டாதே.

நீ கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. சரிபார்க்கிறார்கள். கல்லூரி விளையாட்டுச் சங்கம் நம் கழகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறது. செயலாளர் கெல்லி ஒழுங்கான மனிதர், இந்த வருடத்து முடிவுத்தாள்களை எல்லாம் பிரதி எடுத்து அனுப்பிவிட்டார். அதிலே ஜூலை 21ஆம் தேதி அஞ்சலோட்டத்தில், ஆர்ட்மோரிலிருந்து பாபகூரா வரையான ஐந்தாவது கட்டத்தில், எம். இராசநாயகம் என்று என் பெயர் இருக்கிறது. நேரம் பதினேழு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி. எங்கள் அணி மூன்றாம் இடம்.

அன்று சனிக்கிழமை. நான் வேலையில் ஓவர்டைம் நின்றேன். கழகத்தின் பக்கமே போகவில்லை. உனக்கே தெரியும்.

டெய்லர் அந்தத் தாளை என் முன்னால் வைத்து, என் பெயரின்மேல் விரலை வைத்தார். நான் பொய் சொன்னேன் என்று நினைக்கிறார். ஒரு சீசன் போய்விட்டது என்பது ஒரு பக்கம். பொய்க் கையெழுத்து என்று முடிவு செய்தால் உதவித்தொகையே போகும். அதுவரை எந்தப் போட்டியிலும் என்னை இறக்க மாட்டார்கள்.

நீ பாரியைப் போய்ப் பார். அணித்தலைவர் அவர்தானே, அவர்தான் பெயர்களை எழுதியிருப்பார். ஐந்தாவது கட்டத்தை யார் ஓடினார்கள் என்று அவர் சொன்னால் போதும்.

உடனே போ.

அண்ணா


பாபகூரா
2-12-1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் தைரியமாக இருக்க வேண்டும். சாப்பாட்டை விடாதீர்கள்.

பாரியை இன்னும் பிடிக்க முடியவில்லை. இரண்டு தரம் போனேன், வீட்டில் இல்லை. வருட முடிவு, எல்லாரும் அலைகிறார்கள். கழகத்தில் பெயர் மாறி எழுதுவது நடக்கிறதுதானே. முந்தின வருடம் தவராசா அண்ணாவின் பெயரை இரண்டு இடத்தில் போட்டிருந்தார்களே. அப்படித்தான் ஏதாவது இருக்கும்.

இங்கே வீட்டுக்குப் பின்னால் உள்ள பிளம்ஸ் மரம் இந்த முறை வளைந்து காய்த்திருக்கிறது. பழுத்ததும் அம்மா ஊறுகாய் போடப் போகிறாராம். அப்பா வேலைத்தலத்தில் உங்கள் படத்தைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார். கடையில் 25ஆம் தேதி நத்தாருக்கான வியாபாரம், நிற்க நேரமில்லை. ரோஸ்மேரி அக்கா எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுத்தார்.

அண்ணா, பதினேழு நாற்பத்தெட்டு என்பது எப்படிப்பட்ட நேரம்? அந்த நேரத்தை உங்கள் பேரில் போட்டது உங்களுக்கு வெட்கமா?

வேறு விசேஷமில்லை.

அன்பு மறவாத
ரதி


கான்சாஸ்
20-12-1984

அன்புள்ள தங்கச்சிக்கு,

நத்தார் விடுமுறை. விடுதியில் நானும் இன்னும் மூன்று வெளிநாட்டுக்காரரும்தான். வெளியே முழங்கால் அளவு பனி. ஆனாலும் நான் சுகம். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

பதினேழு நாற்பத்தெட்டு எனக்கு மோசமான நேரம். அந்தக் கட்டத்தைப் பதினாறரைக்குள் ஓடியிருக்கிறேன். ஆனால் பொதுவாகப் பார்த்தால் மோசமில்லை. கழகத்தில் பாதிப் பேருக்கு அது வராது. அதுதான் எனக்கும் விளங்கவில்லை. அப்படி ஓடக்கூடிய ஒருவன் தன் பெயரில் ஓடாமல் என் பெயரில் ஏன் ஓட வேண்டும்?

பெப்ரவரி 28இல் சங்கத்தின் குழு கூடுகிறது. ஓடியவர் தானே எழுதிக் கையெழுத்து வைத்து, கழகமும் அதை உறுதிப்படுத்தினால் மட்டும்தான் என் பெயரை எடுப்பார்கள். பாரி அகப்படாவிட்டால் விட்டுவிடு. நீ அலைய வேண்டாம்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நிலஅளவை ஆசிரியர், பனி விழுவதற்கு முன் நான்கு பேரை ஒரு பழைய பாதையை அளக்கக் கூட்டிப்போனார். ஒரு நாள் முழுவதும் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். கடைசியில் தொடங்கிய இடத்துக்கே அளந்து வந்து சேர்ந்தபோது, நாலு மைலுக்கு மூன்று அங்குலம்தான் வித்தியாசம். நான்கு பேரும் வயலில் நின்று கத்தினோம். கைவிரல் விறைத்துப்போனதுகூட அப்போது தெரியவில்லை. அந்தக் கருவியைப் பார்க்கும்போது நேரம் போவதே தெரிவதில்லை.

ஓட்டத்தைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. பயிற்சி நடக்கிறது. என்னை இறக்கினால் முதல் போட்டி மார்ச் 16.

அன்புடன்
அண்ணா


பாபகூரா
6-1-1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

புது வருட வாழ்த்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லத் தைரியம் வருமோ தெரியாது.

நான் பாரியைத் தேடிப் போகவே இல்லை. போக வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த ஐந்தாவது கட்டத்தை ஓடியது நான்.

அன்று மழை. நான் வழக்கம்போல் பார்க்கப் போயிருந்தேன், வீட்டிலிருந்து ஆர்ட்மோருக்கு ஓடியே போயிருந்தேன். நீங்கள் பயிற்சிக்குப் போன காலத்தில் உங்கள் பின்னால் சைக்கிளில் வருவேனே. சைக்கிள் பழுதான பிறகு ஓடி வந்தேன். ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீங்கள் மார்ச்சில் கழகத்துக்குப் போவதை நிறுத்திய பிறகும் நான் ஓடுவதை நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாவது ஆளின் கார் ஊருக்குத் தெற்கே பொம்பே மலையில் பழுதாகி நின்றுவிட்டது. இன்னும் பத்து நிமிடத்தில் நாலாவது ஆள் வந்துவிடுவார். ஆள் இல்லாவிட்டால் அணியே கழிந்தது. பாரி சுற்றிப் பார்த்தார். அரைக்காற்சட்டையோடு நின்றது நான் ஒருத்திதான். ஆண்கள் போட்டியாயிற்றே என்றேன். உன் அண்ணனின் பெயர் பதிவில் இருக்கிறது, தொப்பியை இழுத்துவிட்டால் இந்த மழையில் உங்கள் இரண்டு பேருக்கும் யார் வித்தியாசம் பார்க்கப் போகிறார்கள் என்றார். அது எனக்குச் சுட்டது. ஆனாலும் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அண்ணா, நான் இரண்டு பேரை முந்தினேன். இரண்டாவது ஆள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். நானும் கூட்டினேன். பாலத்தடியில் அவருடைய மூச்சுச் சத்தம் எனக்குப் பின்னால் போய்விட்டது. அதுபோல ஒன்று என் வாழ்நாளில் நடந்ததில்லை.

நீங்கள் போட்டிகளில் ஓடக்கூடாது என்று அமெரிக்காவிலிருந்து எழுதியிருந்தது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓடாமல் இருக்க வேண்டியது உங்கள் கால்தான், பெயரும்கூட என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று பின்னேரமே சொல்ல நினைத்தேன். வீட்டில் உங்கள் பயண ஆயத்தம். பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். அப்பா மேசையில் கரண்டியை வைத்துக் காட்டியபோது நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன்.

போன கடிதத்தில் வெட்கமா என்று கேட்டேனே, அதைக் கேட்டிருக்கக் கூடாது.

நான் எழுதிக் கையெழுத்து வைக்கிறேன். கழகத்துக்கும் போகிறேன். திட்டுவதானால் கடை விலாசத்துக்குத் திட்டி எழுதுங்கள்.

உங்கள்
ரதி


கான்சாஸ்
20-1-1985

ரதி,

சுகமாக இருக்கிறாயா? நான் சுகம்.

உன் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியவில்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு, அந்தப் பாலத்துக்கு முன்னால் வரும் ஏற்றத்தில் நீ எப்படி மூச்சுப் பிடித்தாய் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். நாலு வருடம் என் பின்னால் வந்தவள் இப்படி ஓடுவாள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

ஆனால் நீ கழகத்துக்குப் போகாதே. நான் யோசித்துத்தான் சொல்கிறேன். நீ சொன்னால் அணியைத் தகுதியிழக்கச் செய்வார்கள், ஐந்து பேர் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உன் பெயர் கெடும். அப்பாவுக்கும் தெரியவரும். ஒரு சீசன்தானே, போனால் போகட்டும். உதவித்தொகை நின்றாலும் உலகம் அழிந்துவிடாது. நான் வந்து வேறு ஏதாவது படிப்பேன்.

மெய்யாகச் சொல்கிறேன், விட்டுவிடு. பெப்ரவரி 28 கடந்து போகட்டும்.

அண்ணா


பாபகூரா
12-2-1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

இத்துடன் உள்ள இரண்டு தாள்களையும் முதலில் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஒன்று நான் எழுதியது, மற்றது கழகத்தின் கடிதம். உங்கள் கையில் 28ஆம் தேதிக்கு முன் கிடைக்க வேண்டும் என்று எக்ஸ்பிரஸில் போடுகிறேன்.

எனக்காக நீங்கள் விட்டுக்கொடுக்க நினைத்தீர்கள். அதை வாசித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் நின்றபடியே சொன்னேன். அம்மா குசினியிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா பேப்பரை மடித்துவிட்டு, "தொப்பி போட்டே ஓடினனி?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அதன் பிறகு மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

வியாழக்கிழமை கழகக் குழுவின் முன்னால் போனேன். ரோஸ்மேரி அக்கா கூட வந்தார். நான் சொல்லி முடித்ததும் ஒருவர் சிரித்தார். அண்ணனைக் காப்பாற்ற வந்த தங்கை, நல்ல பிள்ளை, ஆனால் ஒரு பெண் அந்த ஏற்றத்தில் அந்த நேரத்துக்கு ஓடினாள் என்று எழுதிக் கையெழுத்து வைக்க முடியாது என்றார்கள். பாரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு தனக்குச் சரியாக ஞாபகமில்லை என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கால்தான் துடித்தது. வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓடிக் காட்டுகிறேன் என்றேன். கெல்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்.

ஞாயிறு காலை நான் வாசலில் சப்பாத்துக் கட்டும்போது அப்பா கார்த் திறப்போடு வந்து நின்றார். காரை எடுத்தார். ஆர்ட்மோர் வரை இருவரும் பேசாமலே போனோம். கெல்லி நேரக்கருவியோடு அப்பாவின் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கார் என் பின்னால் ஊர்ந்து வந்தது. பயிற்சியில் உங்கள் பின்னால் வந்தது போலவே.

முதல் மைல் எனக்குப் பதற்றத்தில் மூச்சு வாங்கியது. இது பிழையாகிவிடும் என்று நினைத்தேன். பாதித் தூரம் தாண்டியதும் கார் பக்கத்தில் வந்தது. அப்பா கெல்லியின் நேரக்கருவியைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, "பத்து இருபத்தைஞ்சு. தோளை இறக்கி ஓடு," என்றார். உங்களுக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னார், அண்ணா. அதன் பிறகு எனக்குத் தெருவைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

பதினேழு முப்பத்தொன்பது. மழை இல்லாததால்தான் என்றேன். கெல்லி சிரிக்காமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று மத்தியானமே பாரி உண்மையை ஒப்புக்கொண்டார்.

அணி நீக்கப்பட்டது. பாரிக்கு ஒரு வருடத் தடை. எனக்கு மே 31 வரை. அதற்குப் பிறகு என் பெயரில் பதிவு செய்யலாம். நேற்று, இரண்டாவது கட்டம் ஓடிய வயதான மனிதர் கடைக்கு வந்தார். இருபது வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அது. அதை ஒரு உறையில் போட்டு, கெல்லியிடம் கொடுத்துவிடு என்று கல்லாவில் வைத்துவிட்டு, இருமல் மருந்து வாங்கிக்கொண்டு போனார். அவரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

உங்கள் இரண்டு சீசனும் உங்களுக்கே. நன்றாக ஓடுங்கள்.

அன்புள்ள
ரதி


பாபகூரா
24-3-1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்டு இது இரண்டாவது கடிதம். போன மாதம் போட்டதற்கும் பதில் இல்லை. சங்கம் ஏற்றுக்கொண்டது என்று மார்ச் முதலாம் தேதி நீங்கள் அடித்த தந்தி கிடைத்தது. 'சரி' என்ற ஒரு சொல்லைத் தவிர அதில் ஒன்றுமில்லை. அப்பா அதையும் மாமாவுக்கு வாசித்துக் காட்டினார்.

முதல் போட்டி மார்ச் 16 என்று எழுதியிருந்தீர்கள். முடிவு என்ன? அப்பா தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். நான் கடையில் பார்க்கிறேன். என்மேல் கோபமா? கோபமென்றாலும் ஒரு வரி எழுதுங்கள். அம்மா கனவு கண்டேன் என்று பயப்படுகிறார்.

உங்கள் கடிதத்தை எதிர்பார்க்கும்
ரதி


கான்சாஸ்
14-4-1985

அன்புள்ள ரதிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. காலுக்கும் ஒன்றுமில்லை. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் இன்று வீட்டு விலாசத்துக்கு அப்பாவுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், அதில் காலில் பலமான காயம் என்று எழுதியிருக்கிறேன்.

மார்ச் 16ஆம் தேதி ஐயாயிரம் மீட்டரில் இறங்கினேன். பன்னிரண்டரைச் சுற்று. நான்காவது சுற்று முடியும்போது ஐந்தாவது ஆளாக நல்ல இடத்தில்தான் இருந்தேன். மூச்சு வாங்கவில்லை. ஒரு இடமும் நோகவில்லை. வளைவு வந்தது. எல்லாரும் வளைந்து போனார்கள், நான் நேராகப் புல்லுக்குள் நடந்துவிட்டேன். டெய்லர் ஓடி வந்து எங்கே காயம் என்று கேட்டார். காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு சுற்றுத்தான், ஆனால் அது முழுச் சீசன். நீ மீட்டுத் தந்த சீசன்.

போன நவம்பரில் அந்தத் தாளை டெய்லர் என் முன்னால் வைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது மெய்தான். ஆனால் அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிவிட்டது. என் பிழை இல்லாமலே இது முடியப்போகிறது, யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். நீ அலைய வேண்டாம், விட்டுவிடு என்று எழுதியது உனக்காக மட்டும் அல்ல. நீ அதை அப்படி நினைத்தாய். நானும் அப்படி நினைக்க விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு வயதில் நியூசிலாந்துக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் ஒருவனும் என்னோடு பேசாதபோது ஓடினேன். அப்போது பிடித்திருந்தது. எப்போது பிடிக்காமல் போயிற்று என்று தெரியவில்லை. அப்பா காரோடு பின்னால் வரும்போது நிறுத்துவது எப்படி?

மே மாதம் தவணை முடிகிறது. உதவித்தொகை அடுத்த வருடம் இல்லை என்று டெய்லர் சொல்லிவிட்டார். நான் வருகிறேன். நிலஅளவை ஆசிரியர் எழுதித் தந்த கடிதம் இருக்கிறது, ஆக்லாந்தில் பயிலுநராகச் சேர முயற்சி செய்வேன். ஜூன் 8, சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு விமானம் இறங்குகிறது.

நான் வருவதற்கு முன் அப்பாவிடம் மெதுவாகச் சொல்லி வை. காயம் ஆறாது, இனி ஓட முடியாது என்று மட்டும் சொன்னால் போதும். உனக்கு அது வரும்.

மன்னித்துக்கொள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணா


பாபகூரா
10-5-1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா, அப்பா சுகம். நானும் சுகம். உடனே பதில் எழுதினால் பிறகு வருத்தப்படும்படி எதையாவது எழுதிவிடுவேன் என்று இரண்டு கிழமை பொறுத்தேன்.

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. அப்பா வீட்டில் காயத்தைப் பற்றிச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தபோது, மற்றது என் கைப்பையில் இருந்தது. அம்மா அழுதார். அப்பா வாசித்து முடித்துவிட்டு, எந்தத் தசை என்று எழுதவில்லையே என்று கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தேன்.

முதலில் உங்கள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஐந்து பேரின் பதக்கம், அந்த வயதான மனிதரின் உறை, குழுவின் முன்னால் அவர்கள் சிரித்த சிரிப்பு, எல்லாம் எதற்காக என்று கேட்டேன். இரண்டு நாள் கடையில் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ரோஸ்மேரி அக்கா காரணம் கேட்டார், சொன்னேன். அவர் மருந்துப் போத்தல்களை அடுக்கிக்கொண்டே, "ஆமா, அவரு நின்னுட்டாரு. நீ ஏன் அதுக்கு இப்படி ஒடஞ்சி போற? அன்னிக்கு ஓடுனது நீதானே," என்றார்.

நான் அன்று ஓடியது உங்களுக்காக என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி முழுவதும் இல்லை. அந்தக் குழுவின் முன்னால் என் பெயரைச் சொல்ல எனக்கு ஒரு சாட்டு, ஒரு காரணம் வேண்டியிருந்தது. நீங்கள் விட்டுவிடு என்று சொன்னதை நான் சரியாகக் கேட்கவுமில்லை. ஆகவே நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஓட விருப்பமில்லாமல் நாலு சுற்று ஓடியதே கஷ்டம்தான். நல்ல நிலஅளவையாளராக வாருங்கள்.

ஆனால் நீங்கள் கேட்டதை நான் செய்ய மாட்டேன். அப்பாவிடம் உங்களுக்காகக் காயத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். உண்மையையும் நான் சொல்ல மாட்டேன். ஒரு தரம் உங்கள் பெயரில் ஓடினது போதும்.

ஜூன் முதலாம் தேதியிலிருந்து என் பெயரைப் பதியலாம். கெல்லி படிவத்தைத் தானே கொண்டுவந்து தந்தார். முதல் போட்டி எட்டாம் தேதி, ஆக்லாந்துக்கு வடக்கே ஆல்பனியில், பெண்களுக்கான வயல்வெளி ஓட்டம். காலை பதினொன்றரைக்கு. ரோஸ்மேரி அக்கா கடையை மூடிவிட்டுத் தன் காரில் என்னைக் கூட்டிப்போகிறார்.

அதே நேரத்தில் உங்கள் விமானம். அப்பா எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரு கிழமையாக நாட்காட்டிக்கு முன்னால் போய்ப் போய் நிற்கிறார். நீங்கள் விமானநிலையத்துக்குப் போங்கள் என்று நான்தான் சொன்னேன். அம்மா சமைக்க வேண்டுமென்று வீட்டில் நிற்கிறார். ஆகவே காரில் நீங்கள் இருவரும்தான். மாங்கரே விமானநிலையத்திலிருந்து வீட்டுக்கு அரை மணித்தியாலம் பிடிக்கும். அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவார், உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். அதற்குள் சொல்லிவிடுங்கள்.

பின்னேரம் நான் வந்ததும் சந்திப்போம்.

அன்புடன்
ரதிதேவி இராசநாயகம்